அவதூறு: வாய்ச்சொல்லும் எழுத்தும்

அவதூறு என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லி அவருடைய நல்ல பெயரைக் கெடுப்பது. மும்பைத் தமிழர்களின் பேச்சில் இதற்கு ‘மானநஷ்டம்’ என்று பெயர். இந்தி பேசுகிறவர் ‘மானஹானி’ என்கிறார், மராத்தியில் ‘அப்ரூநுக்சானி’. மூன்று சொற்களும் மானத்தை ஒரு சொத்தாகவே பார்க்கின்றன. சட்டத்தின் பார்வையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. வழக்கில் எடைபோடப்படுவது ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் அன்று. ஊரார் அவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம்.

இதனால்தான் நேருக்கு நேர் திட்டுவதும் அவதூறும் வேறு வேறு. தாராவியின் ஒரு சந்தில் தண்ணீர் முறைக்காக இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டால், கேட்டு நிற்பவர்கள் அதைக் கோபத்தில் வந்த வசவு என்றே எடுத்துக்கொள்வார்கள். யாருடைய பெயரும் அதனால் கெடுவதில்லை. அதே குழாயடியில், சண்டை ஏதும் இல்லாத நேரத்தில், ‘அந்த அக்காகிட்ட சீட்டு கட்டாதே, போன தடவை சீட்டு எடுத்தவங்களுக்குப் பணமே கொடுக்கல’ என்று ஒருவர் இன்னொருவர் காதில் போட்டால் நிலைமை வேறு. குரல் தாழ்ந்திருக்கும், வசவு ஒன்றுகூட இருக்காது. ஆனால் பத்து ஆண்டாகச் சீட்டு நடத்திய பெண்ணின் பிழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். சொன்னது பொய்யென்றால் அதுதான் அவதூறு.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் இதோடு கலந்துவிடக் கூடாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை, அந்தப் பிரிவைச் சேராத ஒருவர், பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரால் ஏசினால் அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். காவல் நிலையமே வழக்குப் பதிவு செய்ய வேண்டும். அவதூறு வழக்கோ பாதிக்கப்பட்டவர் தன் செலவில், தானே நடத்த வேண்டியது. வன்கொடுமையை மானநஷ்டமாகச் சுருக்கிக்கொண்டால் நட்டம் பாதிக்கப்பட்டவருக்குத்தான்.

இரண்டு பெயர்கள் வந்த கதை

அவதூறை எழுத்துவழி அவதூறு, வாய்மொழி அவதூறு என்று இரண்டாகப் பிரித்தது ஆங்கிலேயரின் பொதுச் சட்டம். ஆங்கிலத்தில் முன்னதற்கு லைபல், பின்னதற்கு ஸ்லாண்டர் என்று பெயர். நிலைத்து நிற்கும் வடிவத்தில் இருப்பது லைபல்: கடிதம், செய்தி, சுவரொட்டி, ஓவியம், சிலை. சொன்ன கணத்தில் காற்றில் கரைவது ஸ்லாண்டர்: பேச்சு, சைகை. 1934இல் லண்டனில் ரஷ்ய இளவரசி யூசுபோவ் எம்.ஜி.எம். நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்குக்குப் பிறகு, பேசும் படமும் லைபல் பக்கம் சேர்ந்தது.

பெயர்ப் பிரிவோடு நின்றிருந்தால் கவலையில்லை. எழுத்தில் வந்த அவதூறுக்கு, பணநட்டம் ஏற்பட்டதென்று காட்டாமலேயே வழக்குப் போடலாம் என்றது ஆங்கிலச் சட்டம். பேச்சில் வந்ததற்கோ, ‘இந்தச் சொல்லால் எனக்கு இன்ன நட்டம் வந்தது’ என்று கணக்குக் காட்ட வேண்டும். விலக்குகள் சில இருந்தன: சிறைக்குப் போகத்தக்க குற்றம் செய்தார் என்பது, தொற்றுநோய் உண்டு என்பது, தொழிலுக்குத் தகுதியற்றவர் என்பது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பழி சொல்வது அந்த விலக்குகளில் இல்லை. 1891இல் தனிச் சட்டம் ஒன்று வந்தபின்தான் அதுவும் சேர்ந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் அதற்குள் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. 1880களின் நடுவில் வந்த ‘பார்வதி எதிர் மன்னார்’ வழக்கில், ஒரு பெண்ணை அவளுடைய கணவனின் முறையான மனைவியே அல்ல, பல இடங்களிலிருந்து விரட்டப்பட்டவள் என்று ஒருவர் வாயால் பழித்தார். ஆங்கில விதிப்படி பார்த்தால், பணநட்டம் காட்டாத அந்தப் பெண் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எழுத்துக்கு ஒரு நீதி, பேச்சுக்கு ஒரு நீதி என்ற பிரிவுக்கு நியாயமான அடிப்படை இல்லை, இந்தியாவில் அதைப் பின்பற்றத் தேவையில்லை என்று சொல்லி நீதிமன்றம் அவளுக்கு இழப்பீடு கொடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றமும் 1920களில் ‘ஹிராபாய் எதிர் தின்ஷா எதுல்ஜி’ வழக்கில், பெண்ணின் கற்பைப் பழித்த பேச்சுக்கு நட்டக் கணக்குத் தேவையில்லை என்றது. இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த சமூகத்தில் பெயரைக் கெடுக்கும் ஆயுதம் நாக்குதான். அந்த நாக்குக்கு மட்டும் சலுகை கொடுத்த விதி இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்று அந்த நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

குற்றவியல் சட்டம் தொடக்கத்திலேயே இந்தப் பிரிவை ஏற்கவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவில், பேச்சு, எழுத்து, சைகை, கண்ணுக்குத் தெரியும் உருவம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. தண்டனை, இரண்டு ஆண்டுவரை வெறுங்காவல் சிறை, அபராதம் அல்லது இரண்டும்; சமூக சேவை என்பது புதிதாகச் சேர்ந்தது. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்ற வாதத்தை 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இலங்கையோ 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது.

அப்படியானால் எழுத்து, பேச்சு என்ற வேறுபாடு இன்று எங்கே மிஞ்சியிருக்கிறது? காலக்கெடுவிலும் சாட்சியத்திலும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண் தருகிறது. எழுத்துவழி அவதூறுக்கு 75: வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டு. வாய்மொழி அவதூறுக்கு 76: சொன்ன நாளிலிருந்து ஓர் ஆண்டு, நட்டம் காட்டியாக வேண்டிய வகைச் சொல்லாக இருந்தால், நட்டம் வந்த நாளிலிருந்து. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம், பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று தள்ளிப்போட்டே இந்த ஓர் ஆண்டைத் தொலைத்துவிடுகிறவர்கள் உண்டு. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. இழப்பீட்டு வழக்குக்குக் கிடையாது.

காதில் விழுந்தது யாருக்கு, எந்த மொழியில்

மூன்றாம் ஆள் ஒருவரின் மனத்தை எட்டாதவரை அவதூறு பிறப்பதில்லை. சட்டம் இதை ‘வெளியிடுதல்’ என்கிறது. பத்திரிகையில் அச்சாக வேண்டும் என்று பொருள் அல்ல; பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டால் போதும். உறையிட்டு ஒட்டி, சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே அனுப்பிய கடிதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வெளியிடுதல் ஆகாது.

பல மொழிகள் புழங்கும் மும்பையில் இந்த விதி கூடுதல் கவனம் கேட்கிறது. 1958இல் பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ‘மகேந்தர் ராம் எதிர் ஹர்நந்தன் பிரசாத்’ வழக்கில், ஒருவருக்கு உருது எழுத்தில் ஓர் அறிவிப்புக் கடிதம் போனது. பெற்றவருக்கு உருது படிக்கத் தெரியாது. வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பெற்றவருக்கு அந்த மொழி தெரியாது, இன்னொருவர்தான் படித்துச் சொல்வார் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருந்ததாக மெய்ப்பிக்கப்படாததால், வெளியிட்ட பொறுப்பு அவர்மேல் விழவில்லை. இதையே தாராவிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். தமிழே தெரியாத மராத்திக்காரரும் உத்தரப் பிரதேசத்துக்காரரும் மட்டும் நின்ற இடத்தில் தமிழில் சொன்ன பழி யாரையும் எட்டவில்லை. அங்கே தமிழ் தெரிந்த ஒரு சிறுவன் நின்றிருந்தால் எட்டிவிட்டது. மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்து படிக்கத் தெரியாத பெரியவருக்குத் தமிழில் ஒரு கடிதம் போகிறது. அவர் பேத்தியிடம் கொடுத்துத்தான் படிப்பார் என்பது அனுப்பியவருக்குத் தெரியும் என்றால், அது அவரையும் தாண்டி வெளியானதாகவே கொள்ளப்படும்.

வழக்கு மனுவிலும் மொழி முக்கியம். ‘என்னைக் கேவலமாகப் பேசினார்’ என்ற பொதுப்படையான வரி நிற்காது. சொன்ன சொற்களை அப்படியே, சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். பக்கத்தில் மொழிபெயர்ப்பு வேண்டும். நெல்லை வழக்கில் சொன்ன ஒரு சொல்லின் குத்தல் அகராதிப் பொருளில் தெரியாமல் போகலாம். அப்படிப்பட்ட சொல்லுக்கு உள்ளர்த்தம் இன்னது, கேட்டவர்கள் அதை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள் என்று தனியே விளக்கியாக வேண்டும். மேலுக்குப் பாராட்டுபோல ஒலிக்கும் பேச்சும் இதில் அடங்கும். வஞ்சப் புகழ்ச்சியாகச் சொன்னாலும் அவதூறுதான் என்று குற்றவியல் சட்டத்தின் விளக்கம் வெளிப்படையாகவே கூறுகிறது.

பேச்சுக்குச் சாட்சி கேட்டவர்தான். நாள், நேரம், இடம், யார் யார் நின்றார்கள், என்ன சொல் என்பதை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது ஆறு மாதம் கழித்து வரும் நினைவைவிட நம்பத்தக்கது. வாட்ஸ்அப் குரல் பதிவு பேச்சாகப் பிறந்தாலும், திரும்பத் திரும்பக் கேட்கும்படி நிலைத்துவிட்டதால் எழுத்தின் பக்கம் சாய்கிறது. அதைச் சாட்சியமாக்க, பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். திரைப்பிடிப்பு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுவது கையில் இருக்கும் ஆதாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வது.

பிறர் அனுப்பியதை அப்படியே தட்டிவிட்டேன் என்பது தற்காப்பு ஆகாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய முகநூல் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகரின் வழக்கில், அனுப்பியவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகியாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, உறுப்பினர் போட்ட பதிவுக்கு நிர்வாகியைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது.

யாரைச் சொன்னது

பெயர் சொல்லவில்லை என்பதால் ஒருவர் தப்பிவிட முடியாது. ‘மூன்றாவது சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்’ என்றால் கேட்டவருக்கு ஆள் புரிந்துவிடுகிறது. ஒரு பெரிய கூட்டத்தை மொத்தமாகச் சொன்னால் அதில் உள்ள தனி ஆள் வழக்குப் போடுவது கடினம். 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்து தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டது என்று 23 புகார்கள் கிளம்பின. புகார் செய்தவர்கள் எவரும் சட்டம் சொல்லும் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று கூறி, 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. ‘தாராவிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று சொல்லப்படும் இழிமொழி அங்கே வாழ்கிறவர்களை எவ்வளவு சுட்டாலும், அவதூறுச் சட்டம் அதற்கு மருந்து அல்ல. பதிவு பெற்ற ஒரு சங்கம், ஒரு நிறுவனம் என்று எல்லை தெரிந்த அமைப்பாக இருந்தால் அது வழக்குத் தொடுக்கலாம்.

தவறுதலாக ஆள் மாறிப்போவது தனிச் சிக்கல். 1910இல் இங்கிலாந்தில், கற்பனைப் பெயர் என்று நினைத்து ஒரு பத்திரிகை எழுதிய ‘ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ்’ உண்மையிலேயே ஒரு வழக்கறிஞரின் பெயராக இருந்துவிட, இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று. இதே சிக்கல் ‘தினமலர்’ நாளிதழுக்கும் வந்தது. இலங்கைக்கு ஊதுபத்தி அனுப்பும் போர்வையில் அபின் கடத்தியவர் பிடிபட்டார் என்று பெயரில்லாமல் ஒரு செய்தி. அதே தொழிலில் இருந்த வேறொருவர், ஊரார் தன்னைத்தான் சந்தேகிக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார். அந்த மனிதரை அறியாமல், உள்நோக்கம் இல்லாமல் வெளியிட்டதற்கு இந்தியாவில் பொறுப்பு இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை நம்பி அசட்டையாக இருப்பது ஆபத்து. 2008இல் ஒரு வருங்கால வைப்புநிதி ஊழல் செய்தியில், ‘டைம்ஸ் நவ்’ தொலைக்காட்சி தொடர்பே இல்லாத ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைச் சில வினாடிகள் காட்டிவிட்டது. 2011இல் புனே நீதிமன்றம் விதித்த இழப்பீடு 100 கோடி ரூபாய். மேல்முறையீட்டின் நிபந்தனையாக 20 கோடியைக் கட்டவும் 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் தரவும் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது.

இறந்தவரின் பெயர்

2018இல் ‘காலா’ படம் வெளிவந்த சமயத்தில், தாராவியில் வெல்ல வணிகம் செய்து பெயர்பெற்ற ஒரு தமிழரின் மகன், படம் தன் தந்தையைத் தவறாகக் காட்டுகிறது என்று கூறி 101 கோடி ரூபாய் கேட்டு ரஜினிகாந்துக்கு அறிவிப்பு அனுப்பினார். வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்தவர்களின் கதைகள் சினிமாவாகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது: போனவரின் மானத்துக்கு இருக்கிறவர் வழக்காடலாமா?

இழப்பீட்டு வழக்கில் பெரும்பாலும் முடியாது. அவதூறுக்கான உரிமை மனிதரோடு போய்விடுகிறது என்பது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 306ஆம் பிரிவின் கருத்து. ‘தலைவி’ படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கிலும், வாழ்ந்தபோது ஈட்டிய புகழ் சொத்துபோல வாரிசுக்குக் கைமாறாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. குற்றவியல் சட்டம் கொஞ்சம் இடம் விடுகிறது: சொன்னது அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும், குடும்பத்தார் அல்லது நெருங்கிய உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாகவும் இருக்க வேண்டும். மும்பையின் ‘கங்குபாய் காட்டியாவாடி’ பட வழக்கில், வளர்ப்பு மகன் என்று சொன்னவர் அந்த நெருங்கிய உறவையே முதல் நோக்கில் காட்டவில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

உண்மை சொன்னால்

இழப்பீட்டு வழக்கில் உண்மை முழுமையான கேடயம். அதை மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர்மேல் விழும். பம்பாய் இதற்கு வரலாற்றுச் சான்று வைத்திருக்கிறது. 1860 அக்டோபரில் ‘சத்ய பிரகாஷ்’ என்ற குஜராத்திப் பத்திரிகையில் கர்சன்தாஸ் முல்ஜி, மகாராஜாக்கள் எனப்பட்ட வைணவ மதகுருக்கள் பக்தைகளிடம் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து எழுதினார். அவர்களில் ஒருவரான ஜதுநாத்ஜி மகாராஜ் 50,000 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார். சாதிக் கட்டுப்பாட்டையும் மிரட்டலையும் மீறிச் சாட்சிகள் வந்தார்கள்; மருத்துவர் பாவு தாஜி மகாராஜாக்களுக்குத் தாம் அளித்த சிகிச்சையைப் பற்றிக் கூண்டில் நின்று சொன்னார். 1862 ஏப்ரல் 22 அன்று வந்த தீர்ப்பில், எழுதியது உண்மை என்ற முக்கிய வாதத்தில் கர்சன்தாஸ் வென்றார். உண்மையை அறிந்திருப்பது மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆட்கள் இருந்ததும் சேர்ந்தே காப்பாற்றியது.

குற்றவியல் வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் வேண்டும். மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வீட்டுவசதிச் சங்கம் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவரின் பெயரையும் தொகையையும் உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பது, சங்கத்தின் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தது என்ற விலக்கில் அடங்கக்கூடும். பக்கத்தில் ‘ஏமாற்றுக்காரர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தெருவைப் பார்த்த பலகையில் ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கும் விலக்கு உண்டு. மாநகராட்சியிடமோ காவல் நிலையத்திடமோ முறையிட அஞ்ச வேண்டியதில்லை. அரசு அமைப்புகளே அவதூறுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று 1994இல் ‘நக்கீரன்’ ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கின் நடை

முதல் படி பெரும்பாலும் வழக்கறிஞர் அறிவிப்பு: சொன்ன சொல், சொன்ன நாள், கேட்கும் பரிகாரம். மன்னிப்பும் திருத்தமும் கிடைத்துவிட்டால் அங்கேயே முடிகிறவை நிறைய. மன்னிப்பு, பழி பரவிய அதே இடத்தில் வர வேண்டும். குழுவில் போட்ட பழிக்குத் தனியே வந்து வருத்தம் தெரிவித்தால் கேட்டவர்களின் மனம் மாறாது.

குற்றவியல் வழியில் காவல் நிலையம் தானாக வழக்குப் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவரே நீதித்துறை நடுவரிடம் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்பில் ஏற்கும் முன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். குற்றம் ஜாமீனில் விடத்தக்கது. இழப்பீட்டுக்கு மும்பையில் போக வேண்டிய இடம் நகர உரிமையியல் நீதிமன்றம். 2024 முதல் 10 கோடி ரூபாய் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது. கேட்கும் தொகை ஏற ஏற நீதிமன்றக் கட்டணமும் ஏறும் என்பதால், கோபத்தில் கோடிகளை எழுதுவது கேட்பவரின் பையைத்தான் முதலில் தொடும்.

அவதூறு, புகார் கொடுத்தவரே சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம். 2020 ஜூலையில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நடிகை கங்கனா ரனாவத் சொன்னவற்றுக்காகப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அந்த நவம்பரில் அந்தேரி நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். நான்கு ஆண்டுக்கு மேல் இழுத்த பிறகு, 2025 பிப்ரவரி 28 அன்று பாந்திரா நீதிமன்றத்தில் கங்கனா வருத்தம் தெரிவிக்க, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கொடுத்திருந்த புகார்களைத் திரும்பப் பெற்றார்கள். இப்படி முடியும் குற்றவியல் வழக்கில் எதிரி விடுதலை பெற்றதாகவே சட்டம் கொள்ளும். பிறகு அதே சொல்லுக்காக மீண்டும் புகார் கொடுக்க முடியாது. இழப்பீட்டு வழக்கும் தனியே நடந்துகொண்டிருந்தால், அது தானாக முடிந்துவிடாது. சமரச விதிகளை எழுத்தில் வைத்து, அந்த நீதிமன்றத்திலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.